அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளோடு மூன்று மாதம்: பெற்றோருக்கு ஒரு நடைமுறை வழிகாட்டி

மகனோ மகளோ அமெரிக்காவில் வேலையில் அமர்ந்து ஓரிரு வருடம் ஆனதும் "வந்து எங்களோட கொஞ்ச நாள் இருங்களேன்" என்ற பேச்சு வரும். அந்தப் பேச்சிலிருந்து விமானம் ஏறுவது வரை உள்ள வேலைகளைப் பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் விசாவுக்குப் பணம் கட்டுகிறார்கள், பிறகு மலிவான டிக்கெட் தேடுகிறார்கள், எத்தனை நாள் தங்குவது என்பதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுகிறார்கள். உண்மையில் அந்த எண்தான் முதலில் வேண்டும். இன்டர்வியூவில் சொல்லும் பதில், டிக்கெட் தேதி, இன்ஷூரன்ஸ் தொகை, மாத்திரை எண்ணிக்கை, இங்கே பென்ஷனுக்கான ஏற்பாடு எல்லாம் அதிலிருந்துதான் வருகின்றன.

தமிழ்நாட்டிலிருந்து பி1/பி2 எனப்படும் சுற்றுலா விசாவில் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோருக்கு எழுதியது இது. படிவங்களை நிரப்பப்போவது பெரும்பாலும் பிள்ளைகள்தான் என்பதால் அவர்களும் ஒருமுறை படித்துவிடுவது நல்லது.

1. எத்தனை நாள், எந்த மாதம் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

அதிகபட்சம் எவ்வளவு நாள் தங்கலாம் என்று கேட்டால் வழக்கமாக ஆறு மாதம். அதற்காக ஆறு மாதமும் இருந்துதான் ஆக வேண்டும் என்று கட்டாயமில்லை. முதல் பயணத்துக்கு மூன்று மாதம் போதும் என்பது என் கருத்து. அதற்குக் காரணங்கள் இருக்கின்றன.

அமெரிக்க கம்பெனிகளில் வருடத்துக்கு இரண்டு, மூன்று வாரம் விடுப்பு கிடைத்தாலே நல்ல கம்பெனி என்பார்கள். நீங்கள் எத்தனை மாதம் இருந்தாலும் பிள்ளையின் விடுப்பு அவ்வளவுதான். மற்ற நாட்களில் காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் மாலை ஆறு மணிக்குத்தான் வீடு. நியூயார்க், சிகாகோ போன்ற சில நகரங்களைத் தவிர மற்ற இடங்களில் கார் இல்லாமல் வாசலைத் தாண்டுவது சிரமம். நான்காவது மாதத்தில் பெரும்பாலான பெற்றோருக்கு ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருப்பதே வேலையாகிவிடுகிறது. மருமகனுக்கோ மருமகளுக்கோ அந்த வீடு சுருங்கத் தொடங்குவதும் அப்போதுதான்.

மாதத்தைப் பொறுத்தவரை ஏப்ரல் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை உகந்தது. வடக்கு மாநிலங்களில் நவம்பர் முதல் மார்ச் வரை பனியும் குளிரும் உங்களை வீட்டுக்குள் கட்டிப்போடும். டெக்சாஸ், அரிசோனா பக்கம் என்றால் கணக்கு தலைகீழ்: அங்கே கோடை சென்னையையே மிஞ்சும், அக்டோபர் முதல் மார்ச் வரைதான் இதமாக இருக்கும். பேரனுக்கோ பேத்திக்கோ பள்ளி விடுமுறை ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. அப்போது டிக்கெட் விலையும் உச்சத்தில் இருக்கும்.

பிரசவத்துக்காகப் போகிறவர்களுக்கு மட்டும் மாதத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதி இல்லை. அவர்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: கர்ப்பம் உறுதியானதும் விசா வேலையைத் தொடங்கிவிட வேண்டும். ஏழாம் மாதத்தில் தொடங்கினால் இன்டர்வியூ தேதி வருவதற்குள் குழந்தை பிறந்துவிடும்.

2. பாஸ்போர்ட்டில் பெயரைச் சரிபாருங்கள்

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு என்றே உள்ள சிக்கல் இது. பலருடைய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருக்கும். முழுப் பெயரும் மற்றொரு கட்டத்தில் இருக்கும். அமெரிக்கப் படிவத்தில் குடும்பப் பெயரைக் காலியாக விட முடியாது. அதனால் முழுப் பெயரையும் குடும்பப் பெயர் கட்டத்தில் போட்டு, முதற்பெயர் கட்டத்தில் எஃப்.என்.யு என்ற மூன்று எழுத்தை இடுவதுதான் முறை. முதற்பெயர் தெரியாது என்பதன் சுருக்கம் அது. விசாவிலும் அப்படியே அச்சாகி வரும். பயப்பட ஒன்றுமில்லை, செல்லுபடியாகும். ஆனால் டிக்கெட் எடுக்கும்போது விமான நிறுவனத்தை அழைத்து, ஒற்றைப் பெயர் பயணிக்கு அவர்கள் எப்படிப் பதிவார்கள் என்று கேட்டு அதன்படி எடுங்கள். இணையத்தில் நீங்களாக ஊகித்து நிரப்பினால் செக்-இன் கவுன்டரில் நிற்க வேண்டி வரும்.

பெயரைப் பிரித்துப் போட்டுக்கொள்ள விரும்பினால் விசா படிவத்தைத் தொடுவதற்கு முன்பே பாஸ்போர்ட்டை மறுவெளியீடு செய்துகொள்ளுங்கள். 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்கு ரூ.1,500, தட்காலில் கூடுதலாக ரூ.2,000. போலீஸ் விசாரணையும் சேர்த்து ஒரு மாதம் ஒதுக்குவது பாதுகாப்பு. மனைவி பெயருக்குப் பின்னால் ஒன்றில் தந்தை பெயர், இன்னொன்றில் கணவர் பெயர் என்று ஆதாரும் பாஸ்போர்ட்டும் முரண்பட்டால் அதையும் இப்போதே சரிசெய்யுங்கள்.

பிறந்த தேதியிலும் கவனம் வேண்டும். பள்ளியில் சேர்க்கக் கொடுத்த தேதி ஒன்று, வீட்டில் கொண்டாடும் தேதி இன்னொன்று என்பது அந்தத் தலைமுறையில் சகஜம். படிவத்திலும் வாய்ப்பேச்சிலும் பாஸ்போர்ட்டில் உள்ள தேதியை மட்டுமே சொல்லுங்கள்.

3. டிஎஸ்-160 படிவம்

டிஎஸ்-160 என்பது இணையத்தில் நிரப்பும் விசா விண்ணப்பப் படிவம். ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் படிவம். கணவன் மனைவிக்கு ஒரே படிவம் கிடையாது. அமெரிக்க வெளியுறவுத் துறையின் அதிகாரபூர்வத் தளத்தில் மட்டும் நிரப்புங்கள்; தேடலில் முதலில் வரும் ஏஜென்ட் தளங்கள் இதற்கும் காசு கேட்கும். படிவத்தை நிரப்பக் கட்டணமே இல்லை.

திறந்ததும் திரையில் வரும் விண்ணப்ப எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சுமார் 20 நிமிடம் எதுவும் செய்யாமல் இருந்தால் தளம் உங்களை வெளியேற்றிவிடும். அந்த எண் இல்லையென்றால் மறுபடி முதலிலிருந்துதான். ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் சேமியுங்கள்.

தடுக்கி விழும் இடங்கள் இவை:

- புகைப்படம்: 2 அங்குலத்துக்கு 2 அங்குலம், வெள்ளைப் பின்னணி, ஆறு மாதத்துக்குள் எடுத்தது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட வேண்டும். 2016 நவம்பரிலிருந்து கண்ணாடியோடு ஏற்பதில்லை. ஸ்டுடியோவில் "அமெரிக்க விசா சைஸ்" என்று சொன்னால் போதும்.
- சமூக ஊடகம்: கடந்த ஐந்து ஆண்டில் பயன்படுத்திய கணக்குகளைக் கேட்பார்கள். அப்பாவுக்கு ஃபேஸ்புக் கணக்கு ஒன்று இருந்து அவரே மறந்திருப்பார். கேட்டுப் போடுங்கள்.
- அமெரிக்காவில் உறவினர்: பிள்ளை அங்கே இருப்பதை மறைக்காதீர்கள். இதைவிட வேகமாக விசாவைக் கெடுக்கும் பதில் வேறில்லை.
- குடியேற்ற மனு: பிள்ளை அமெரிக்கக் குடியுரிமை பெற்று உங்களுக்காக ஐ-130 என்ற கிரீன் கார்டு மனு போட்டிருந்தால் "ஆம்" என்றுதான் சொல்ல வேண்டும். போட்டிருந்தால் சுற்றுலா விசா கிடைப்பது கடினமாகும். கிரீன் கார்டா, வந்துபோகும் விசாவா என்பதைக் குடும்பத்தில் பேசி முடிவு செய்த பிறகே இரண்டில் ஒன்றைத் தொடங்குங்கள்.
- தங்கும் காலம்: முதல் பகுதியில் முடிவு செய்த எண்ணைப் போடுங்கள். "சும்மா ஆறு மாதம்னு போடு" என்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள்.

கடைசியில் வரும் பார்கோடு உள்ள உறுதிப்படுத்தல் பக்கத்தை அச்செடுங்கள். அந்த எண்ணும் இன்டர்வியூவுக்குப் பதிவு செய்த எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். பிழை திருத்தப் புதுப் படிவம் போட்டவர்கள் பழைய எண்ணோடு போய் வாசலிலேயே திரும்பியிருக்கிறார்கள்.

4. பணம் கட்டுதல், தேதி எடுத்தல்

கட்டணம் ஒருவருக்கு 185 டாலர். தூதரகம் அறிவிக்கும் மாற்று விகிதத்தில் ரூபாயாகக் கட்டலாம்; ஒருவருக்குப் பதினாறாயிரத்தைத் தாண்டும். விசா மறுக்கப்பட்டாலும் திரும்பக் கிடைக்காது, இன்னொருவர் பெயருக்கு மாற்றவும் முடியாது. கட்டிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் தேதி எடுத்துவிட வேண்டும். 2025 ஜூலையில் நிறைவேறிய சட்டம் ஒன்று விசாவுக்கு 250 டாலர் கூடுதல் கட்டணம் வசூலிக்க வழி செய்திருக்கிறது. பணம் கட்டும் நாளில் அது வசூலிக்கப்படுகிறதா என்று அதிகாரபூர்வத் தளத்தில் பார்த்துக்கொண்டு பட்ஜெட் போடுங்கள்.

கணவன் மனைவி இருவரையும் ஒரே கணக்கில் குழுவாகச் சேர்த்து ஒரே நேரத்துக்குத் தேதி எடுங்கள். அப்போதுதான் இன்டர்வியூ ஜன்னலில் ஒன்றாக நிற்க விடுவார்கள். தமிழில் இன்டர்வியூ வேண்டும் என்பதையும் அங்கேயே தேர்ந்தெடுக்கலாம். ஆங்கிலம் அரைகுறையாகத் தெரியும் என்றால் தயங்காமல் தமிழைத் தேர்ந்தெடுங்கள். அதனால் மதிப்பெண் குறைவதில்லை.

இரண்டு சந்திப்புகள் உண்டு. முதலில் விசா விண்ணப்ப மையத்தில் விரல் ரேகையும் படமும். கையில் வெட்டுக்காயமோ கட்டோ இருந்தால் ஆறிய பிறகு போங்கள். அதற்குப் பிந்தைய ஒரு நாளில் சென்னை அண்ணா சாலை ஜெமினி மேம்பாலம் அருகே உள்ள துணைத் தூதரகத்தில் இன்டர்வியூ. சென்னையில் தேதி தூரமாக இருந்தால் ஹைதராபாத், மும்பை, டெல்லி, கொல்கத்தா எதிலும் எடுக்கலாம்.

இன்டர்வியூ தேதிக்குப் பல மாதம் காத்திருக்க வேண்டியிருக்கலாம். முதலில் கிடைத்ததை எடுத்துவிட்டு முன்தேதி திறக்கிறதா என்று பார்க்கலாம்தான். ஆனால் 2025 ஜனவரியிலிருந்து ஒருமுறைதான் இலவசமாகத் தேதி மாற்றலாம். அடுத்த முறை என்றால் மறுபடி முழுக் கட்டணம். அந்த ஒரு வாய்ப்பை ஒரு வாரம் முன்னால் கிடைக்கிறதே என்று வீணாக்காதீர்கள்.

முன்பு 79 வயதைத் தாண்டியவர்களுக்கு இன்டர்வியூ இல்லாமல் விசா கிடைத்தது. 2025 செப்டம்பர் 2 முதல் அந்தச் சலுகை இல்லை. பழைய பி1/பி2 காலாவதியாகி 12 மாதத்துக்குள் புதுப்பிப்பவர்களுக்கு மட்டும் விலக்கு கிடைக்கலாம். அவர்களும் இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டால் போக வேண்டும்.

5. இன்டர்வியூ

பெரும்பாலும் இரண்டு, மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். சட்டத்தின் 214(பி) பிரிவுப்படி நீங்கள் அங்கேயே தங்கிவிடப் போகிறவர் என்றுதான் அதிகாரி எடுத்த எடுப்பில் கருத வேண்டும். இல்லை என்று காட்ட வேண்டியது நீங்கள். இந்த ஒன்று மனதில் இருந்தால் கேள்விகள் எல்லாம் எதற்காக வருகின்றன என்பது புரியும்.

எதற்குப் போகிறீர்கள், பிள்ளை என்ன வேலை செய்கிறார், எந்த ஊர், எத்தனை நாள், செலவு யாருடையது, இங்கே யார் இருக்கிறார்கள். அநேகமாக இவ்வளவுதான். பதில் சுருக்கமாக இருக்கட்டும். "மகன் டல்லாஸில் இருக்கான், சாஃப்ட்வேர் வேலை. பேத்தியைப் பார்க்கப் போறோம். மூணு மாசம். ஆகஸ்ட்ல திரும்பிடுவோம், நவம்பர்ல சின்னவளுக்குக் கல்யாணம் வெச்சிருக்கோம்" என்பதில் எல்லாமே இருக்கிறது. கல்யாணம் இல்லையென்றால் பென்ஷன், விவசாயம், கடை, இங்கே இருக்கும் மற்ற பிள்ளைகள் என்று உங்களை இழுத்துப் பிடிப்பது எதுவோ அதைச் சொல்லுங்கள்.

மகன் வேலை பார்க்கும் கம்பெனியின் பெயர், அவருடைய ஊர், விசா வகை இந்த மூன்றும் அம்மாவுக்கும் தெரிந்திருக்க வேண்டும். அப்பாவையே திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தால் அதிகாரி வேண்டுமென்றே அம்மாவிடம்தான் கேட்பார்.

பிரசவத்துக்கோ குழந்தையைப் பார்க்கவோ போகிறவர்கள் கவனியுங்கள். பொய் சொல்லவே கூடாது. மகளோடு இருக்கவும் பேரக்குழந்தையைப் பார்க்கவும் போவது முழுக்க நியாயமான காரணம். "ரெண்டு பேரும் வேலைக்குப் போறாங்க, குழந்தையைப் பார்த்துக்க ஆள் வைக்கக் கட்டுப்படியாகல, அதான் நாங்க போறோம்" என்று சொன்னால் அது ஆயா வேலைக்குப் போவதாக ஆகிவிடுகிறது, சுற்றுலா விசாவில் அதற்கு இடமில்லை. சொல்லும் விதத்தை மாற்றினால் போதும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் பயணத் திட்டமே நிஜமாக அப்படித்தான் என்றால் திட்டத்தை மாற்றுங்கள்.

காகிதங்கள்: பாஸ்போர்ட், பழைய பாஸ்போர்ட்கள், டிஎஸ்-160 பக்கம், தேதி உறுதிச்சீட்டு, ஒரு புகைப்படம். இவை கட்டாயம். ஒரு கோப்பில் பென்ஷன் ஆணை, வங்கிக் கணக்கு விவரம், வீட்டு வரி ரசீது அல்லது பட்டா நகல். பிள்ளையின் பாஸ்போர்ட் மற்றும் விசா நகல், வேலைக் கடிதம், கடைசி மூன்று சம்பளச் சீட்டு. அழைப்புக் கடிதம் கட்டாயமில்லை. பெரும்பாலும் கோப்பைத் திறக்கவே சொல்ல மாட்டார்கள். கேட்காமல் எதையும் ஜன்னலில் நீட்டாதீர்கள்.

மொபைல், பெரிய பை உள்ளே அனுமதி இல்லை, வைத்துவிட்டுப் போக அங்கே இடமும் இல்லை. கூட வருபவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.

பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டால் பெரும்பாலும் விசா கிடைத்தது என்று பொருள். ஒரு தாளோடு திருப்பிக் கொடுத்தால் மறுப்பு. மேல்முறையீடு கிடையாது, புதுக் கட்டணத்தோடு மறுபடி விண்ணப்பிக்கலாம். சூழ்நிலையில் எதுவும் மாறாமல் அடுத்த மாதமே போய் நின்றால் பதிலும் மாறாது. கிடைக்கும் விசா பொதுவாகப் பத்தாண்டு, பலமுறை போய்வரும் வகை.

6. டிக்கெட்: விசா கைக்கு வந்த பிறகு

சென்னையிலிருந்து அமெரிக்காவுக்கு நேர் விமானம் இல்லை. எங்காவது ஒருமுறையாவது மாற வேண்டும். முதல்முறை போகும் வயதானவர்களுக்கு ஒரே நிறுவனத்தில், ஒரே டிக்கெட்டில், ஒரே ஒரு மாறுதலோடு எடுங்கள். மாறும் இடத்தில் மூன்று மணி நேரமாவது இருக்கட்டும். பத்தாயிரம் ரூபாய் மிச்சம் என்று இரண்டு தனித்தனி டிக்கெட் எடுத்து, முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது டிக்கெட் போய்விடும்.

அபுதாபி வழியாகப் போனால் அமெரிக்கக் குடிநுழைவுச் சோதனை அங்கேயே முடிந்துவிடும். அமெரிக்காவில் இறங்கியதும் உள்நாட்டுப் பயணி போல வெளியே வந்துவிடலாம். மற்ற பெரும்பாலான வழிகளில், அமெரிக்காவில் முதலில் இறங்கும் ஊரிலேயே சோதனை முடித்து, பெட்டிகளை எடுத்து, அடுத்த உள்நாட்டு விமானத்துக்கு மறுபடி ஒப்படைக்க வேண்டும். சென்னையில் பெட்டியைப் போட்டால் கடைசி ஊரில்தான் வரும் என்று நினைத்து நேரே நடந்துவிடுகிறவர்கள் உண்டு.

நடக்க முடிந்தாலும் சக்கர நாற்காலி கேளுங்கள். டிக்கெட் எடுக்கும்போதே பதிய வேண்டும், பொதுவாக இலவசம். பெரிய விமான நிலையங்களில் ஒரு வாசலிலிருந்து இன்னொன்றுக்குக் கிலோமீட்டர் கணக்கில் நடை. மொழி தெரியாத இடத்தில் வழிகாட்ட ஆளும் கிடைக்கிறார். அமெரிக்காவில் தள்ளிவருபவருக்கு ஐந்து டாலர் அன்பளிப்பு கொடுப்பது வழக்கம், சில்லறை நோட்டுகளாக வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பும் தேதியை மாற்றிக்கொள்ளக்கூடிய டிக்கெட்டாக இருக்கட்டும். கொஞ்சம் விலை கூடினாலும் பரவாயில்லை. இங்கே உறவில் ஏதாவது ஆனால் உடனே கிளம்ப வேண்டியிருக்கும்.

7. இன்ஷூரன்ஸ், மாத்திரை

பணத்தை மிச்சம் பிடிக்கவே கூடாத இடம் இது. பிள்ளையின் அலுவலக இன்ஷூரன்ஸில் பெற்றோரைச் சேர்க்க முடியாது என்பதுதான் பொதுவான நிலை. அமெரிக்காவில் அவசர சிகிச்சைப் பிரிவுக்குள் காலெடுத்து வைத்தாலே ஆயிரக்கணக்கான டாலர் ஆகும்.

பாலிசிகள் இரண்டு வகை. ஒன்று ஒவ்வொரு சிகிச்சைக்கும் இவ்வளவுதான் என்று வரம்பு போட்டது. முகப்பில் 1,00,000 டாலர் என்று பெரிதாக இருக்கும். உள்ளே டாக்டரைப் பார்க்க 60, 70 டாலர்தான் தருவோம் என்று சின்ன எழுத்தில் இருக்கும். பில் பல நூறு வரும், மீதி உங்கள் தலையில். இன்னொன்று விரிவான வகை: தொடக்கத்தில் ஒரு தொகையை நீங்கள் கட்டியபின் மீதியைப் பெரும்பாலும் அவர்கள் ஏற்பார்கள். இரண்டாவதையே எடுங்கள். அறுபதைத் தாண்டியவருக்கு மாதம் நூறு டாலருக்கு மேல் எளிதில் போகும், எழுபதுக்கு மேல் இன்னும் கூடும். மூன்று மாதமா ஆறு மாதமா என்ற முடிவு பணமாகத் தெரிவது இங்கேதான்.

சர்க்கரை, ரத்த அழுத்தம், பழைய இதய நோய் போன்றவற்றுக்கு வழக்கமான சிகிச்சையை எந்த விசிட்டர் பாலிசியும் பொதுவாக ஏற்காது. அவை திடீரென்று தீவிரமானால் மட்டும் ஏற்கும் பிரிவு இருக்கிறதா, உங்கள் வயதுக்கு அதன் வரம்பு என்ன என்று பார்த்து வாங்குங்கள். விமானம் ஏறும் நாளிலிருந்தே தொடங்கட்டும்.

பல்லும் கண்ணும் பாலிசியில் வராது. கிளம்புவதற்கு ஒரு மாதம் முன் பல் டாக்டரிடம் போய் ஆடுகிற பல், சொத்தைப் பல் எல்லாவற்றையும் முடித்துவிடுங்கள். கூடுதலாக ஒரு மூக்குக் கண்ணாடி செய்து எடுத்துப் போங்கள்.

மாத்திரைகளை 90 நாள் அளவுக்கு, அட்டையிலிருந்து பிரிக்காமல், ஆங்கிலத்தில் மருந்தின் பொதுப்பெயரோடு எழுதிய டாக்டர் சீட்டுடன் கைப்பையில் வையுங்கள். பெட்டியில் போட்டு, பெட்டி வேறு ஊருக்குப் போனால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். இன்சுலினும் கைப்பையில்தான். கோடீன் கலந்த இருமல் சிரப், டிராமடால் போன்றவற்றைத் தவிர்த்துவிடுங்கள். அங்கே அவை கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள். பாரசிட்டமால் அங்கே அசெட்டமினோஃபென் என்ற பெயரில் எல்லாக் கடையிலும் கிடைக்கும்.

அங்கே உடம்புக்கு முடியாவிட்டால், உயிருக்கு ஆபத்தில்லாத காய்ச்சல், சுளுக்குக்கு அர்ஜென்ட் கேர் என்ற சிறு மருத்துவமனைகளுக்குப் போங்கள். செலவு பல மடங்கு குறைவு. நெஞ்சுவலி, பக்கவாத அறிகுறி என்றால் யோசிக்காமல் அங்குள்ள அவசர எண் 911. பெரிய பில் வந்தால் அன்றே கார்டில் கட்டிவிடாமல், ஒவ்வொரு இனமாகப் பிரித்த பில் கேட்டு, இன்ஷூரன்ஸுக்கு அனுப்பி, குறைக்க முடியுமா என்றும் கேளுங்கள். கேட்டால் குறைப்பது அங்கே சாதாரணம்.

8. பெட்டி

எடை வரம்பை டிக்கெட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். பல நிறுவனங்கள் 23 கிலோ பெட்டி இரண்டு என்று கொடுக்கின்றன, மலிவு டிக்கெட்டில் ஒன்றுதான்.

கறிவேப்பிலை கொண்டு போகவே கூடாது. எலுமிச்சைக் குடும்பத்து மரங்களைத் தாக்கும் பூச்சி அதன் வழியாகப் பரவுவதால் தடை. அரிசியும் கூடாது, அதற்குக் காரணம் தானியத்தை அழிக்கும் கப்ரா வண்டு. பச்சைக் காய், பழம், விதை, இறைச்சி எதுவும் கூடாது. பால் இனிப்புகளைத் தவிர்ப்பது நல்லது. கொப்பரைத் தேங்காய் தீப்பற்றும் பொருள் என்பதால் விமானத்திலேயே ஏற்ற விடமாட்டார்கள். சாம்பார் பொடி, இட்லிப் பொடி, காபித் தூள், புளிக்காய்ச்சல், ஊறுகாய் போகலாம். பொடிகளைக் கைப்பையில் வைக்காமல் பெட்டியில் போடுங்கள். கைப்பையில் 350 மில்லிக்கு மேற்பட்ட பொடி இருந்தால் கூடுதல் சோதனை. உணவு இருக்கிறதா என்று கேட்டால் "இருக்கிறது" என்றே சொல்லுங்கள். சொல்லிவிட்டால் அதிகபட்சம் எடுத்துப் போடுவார்கள், மறைத்தால் அபராதம்.

மிக்ஸி எடுத்துப் போகாதீர்கள். நம்முடையது 230 வோல்ட், அங்கே 120. பவர் பேங்க் கைப்பையில் மட்டும். நகை நிறையப் போட்டுக்கொண்டு போவதாக இருந்தால் புறப்படும்போது இங்கே சுங்கத்தில் ஏற்றுமதிச் சான்று வாங்குங்கள். திரும்பும்போது அதே நகைக்கு வரி கேட்க மாட்டார்கள்.

9. இங்கே விட்டுப்போகும் வீடு

மத்திய அரசுப் பென்ஷனுக்கு நவம்பரில் உயிர்வாழ் சான்று. 80 வயது நிறைந்தவர்கள் அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம். ஜீவன் பிரமாண் செயலியில் மொபைல் கேமராவில் முகத்தைக் காட்டியே முடிக்கலாம். கிளம்பும் முன் செயலியை இறக்கி ஒருமுறை பார்த்துவிடுங்கள். மாநில அரசு ஓய்வூதியர்கள் ஆண்டு நேர்காணல் எந்த மாதம் என்று கருவூலத்தில் கேட்டுக்கொண்டு தேதி வையுங்கள். வைப்புத்தொகை வட்டிக்கு வரி பிடிக்க வேண்டாம் என்று கொடுக்கும் படிவம் ஏப்ரல் வேலை. அதற்குள் கிளம்புவதாக இருந்தால் வங்கி செயலியில் கொடுக்க முடியுமா என்று பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் ஓடிபி இந்திய எண்ணுக்குத்தான் வரும். அந்த சிம்மை அணைத்துவிடாமல், குறைந்தபட்ச ரீசார்ஜோடு, குறுஞ்செய்தி வெளிநாட்டில் வரும்படி ரோமிங்கைத் திறந்து வையுங்கள். டேட்டாவை மட்டும் அணைத்துவிடுங்கள். மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, வீட்டுவரி அரையாண்டுக்கு ஒருமுறை. இந்த இரண்டின் இணைப்பு எண்களையும் எழுதிக்கொள்ளுங்கள்.

10. இறங்கும்போது

விசா என்பது வாசல் வரை வரும் அனுமதிதான். எத்தனை நாள் என்று முடிவு செய்வது விமான நிலையத்தில் இருக்கும் எல்லை அதிகாரி. அங்கும் அதே கேள்விகள், அதே பதில்கள். பிள்ளையின் முகவரி, தொலைபேசி எண், திரும்பும் டிக்கெட் மூன்றையும் தாளில் எழுதி சட்டைப் பையில் வையுங்கள்; போனில் சார்ஜ் இருக்காது. ரொக்கம் குடும்பத்துக்கு மொத்தம் 10,000 டாலரைத் தாண்டினால் அறிவிக்க வேண்டும். அவ்வளவு எடுத்துப் போகத் தேவையும் இல்லை.

வீட்டுக்குப் போன மறுநாள் பிள்ளையைக் கூப்பிட்டு, எல்லைத் துறையின் தளத்தில் உங்கள் ஐ-94 பதிவை, அதாவது நீங்கள் உள்ளே நுழைந்ததற்கான பதிவை, இறக்கச் சொல்லுங்கள். அதில் உள்ள கடைசித் தேதிதான் சட்டப்படி உங்கள் கெடு. விசாவில் உள்ள பத்தாண்டுத் தேதிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இரண்டையும் குழப்பிக்கொண்டு தங்கிவிட்டால் விசா ரத்தாகும். 180 நாளுக்கு மேல் ஒரு வருடத்துக்குள் என்றால் மூன்றாண்டும், ஒரு வருடம் அல்லது அதற்கு மேல் என்றால் பத்தாண்டும் உள்ளே வர முடியாது.

உடல்நலக் காரணத்தால் நீட்டிக்க வேண்டியிருந்தால் ஐ-539 மனு. இணையத்தில் போட்டால் கட்டணம் 420 டாலர். கெடுவுக்கு 45 நாளாவது முன்னால் போடும்படி சொல்கிறார்கள். பேரன் பிறந்தநாள் வரை இருக்கலாமே என்பதற்காகவெல்லாம் இதைத் தொடாதீர்கள். அடுத்த விசாவிலும் அடுத்த நுழைவிலும் இது கேள்வியாக வரும்.

11. அங்கே இருக்கும் நாட்கள்

போய் இறங்கிய முதல் வாரமே பிள்ளையோடு உட்கார்ந்து காலண்டரில் குறியுங்கள்: எந்த வாரம் விடுப்பு, எந்த சனி ஞாயிறு வெளியூர், எந்த மாலை நீங்கள் பேரனோடு. குறிக்காத விடுப்பு அலுவலக வேலையில் கரைந்துவிடும்.

பகல் நேரத்துக்கு உங்களுக்கென்று ஒரு ஏற்பாடு வேண்டும். ஊர் நூலகம் இலவசம். உட்கார்ந்து படிக்க உறுப்பினராக வேண்டியதுகூட இல்லை. பல ஊர்களில் முதியோர் மையம் உண்டு. நடந்து போகும் தூரத்தில் பூங்கா இருக்கிறதா என்று பிள்ளையிடம் முன்கூட்டியே கேளுங்கள். பேரக்குழந்தையை காரில் கூட்டிப் போக வேண்டுமானால் அதற்குரிய இருக்கை இல்லாமல் முடியாது, மடியில் வைத்துக்கொள்வது சட்டவிரோதம். குழந்தை அடம் பிடிக்கிறது என்று பொது இடத்தில் கை ஓங்காதீர்கள். பார்த்தவர் போலீஸைக் கூப்பிடலாம்.

சமையலறையில் தாளிக்கும் முன் புகைபோக்கி விசிறியைப் போடுங்கள். மிளகாய் கருகினால் புகை எச்சரிக்கை மணி அலறும், அடுக்குமாடி என்றால் சில இடங்களில் கட்டிடமே காலியாகி எல்லோரும் கீழே நிற்பார்கள். அடுப்பு, துணி துவைக்கும் இயந்திரம், கதவுப் பூட்டின் எண், வீட்டு அலாரம் நான்கையும் பிள்ளை வேலைக்குப் போகும் முன் ஒருமுறை இயக்கிக் காட்டச் சொல்லுங்கள்.

12. திரும்பும்போது

அமெரிக்காவில் கிளம்பும்போது பாஸ்போர்ட்டில் முத்திரை போட மாட்டார்கள். விமான நிறுவனம் கொடுக்கும் தகவலை வைத்தே நீங்கள் வெளியேறியது பதிவாகும். அதனால் போர்டிங் பாஸையும் இந்தியாவில் இறங்கிய முத்திரையையும் பத்திரப்படுத்துங்கள். வீடு வந்து இரண்டு வாரத்துக்குப் பின் அதே ஐ-94 தளத்தில் பயண வரலாற்றைப் பாருங்கள், வெளியேறிய தேதி அதில் ஏறியிருக்க வேண்டும்.

அடுத்த பயணத்துக்கு எழுதி வைத்த இடைவெளி விதி எதுவும் இல்லை. ஆனால் ஆறு மாதம் இருந்து, ஒரு மாதம் இங்கே வந்து, மறுபடி ஆறு மாதம் என்று போனால் எல்லை அதிகாரி அங்கே குடியிருப்பதாகவே எடுத்துக்கொள்வார். அங்கே இருந்ததைவிட அதிக நாள் இங்கே இருந்துவிட்டு அடுத்த டிக்கெட்டைப் போடுங்கள்.